கணக்கில் வராத கஷாயம்

காலை ஆறு மணிக்குச் சென்னையில் ஏதாவது ஒரு பார்க் வாசலில் போய் நின்று பாருங்கள். வரிசையாக எவர்சில்வர் பாத்திரங்கள். அருகம்புல், வாழைத்தண்டு, நெல்லிக்காய், கற்றாழை, பாகற்காய். ஒவ்வொன்றின் மேலும் ஒரு அட்டை. 'ரத்த சுத்தி', 'கிட்னி கல்', 'சர்க்கரை'. ட்ராக் பேண்ட் போட்ட ஜனங்கள் க்யூவில் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு "ஆஹா!" என்கிறார்கள். எதற்கு ஆஹா? கசந்தால் உடம்புக்கு நல்லது என்று நம்மவர்களுக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம். அப்படிப் பார்த்தால் என் பழைய மானேஜரைப் பிழிந்தே பாட்டிலில் விற்கலாம்.

போகட்டும். டம்ளரைக் கீழே வைத்த ஆசாமி வீட்டுக்குப் போகிறார். டாக்டர் எழுதிக் கொடுத்த சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். அப்புறம் மைத்துனர் வாட்ஸ்அப்பில் சிபாரிசு செய்த சிறுகுறிஞ்சான் பொடி ஒரு ஸ்பூன். ராத்திரி ஊற வைத்த வெந்தயம் ஒரு கை. ஆன்லைனில் வாங்கிய, பாட்டில் மேல் பச்சை இலை படம் போட்ட காப்ஸ்யூல் ஒன்று. 'முடி கொட்டுகிறதே' என்று ஒரு வைட்டமின். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் போகிறார்.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?"

"ஒண்ணும் இல்லை டாக்டர்!"

பொய் சொல்லவில்லை. அவர் அகராதியில் அதெல்லாம் மருந்தே இல்லை. ஒன்று ஜூஸ், ஒன்று பொடி, ஒன்று 'சத்து'.

*

நான் டாக்டர் இல்லை. வெறும் பி.காம். ஆனால் பி.காம். முதல் வருஷமே தலையில் குட்டிச் சொல்லித் தருகிற ஒரு சமாசாரம் உண்டு. நஷ்டத்தைக்கூடச் சமாளித்துவிடலாம், புத்தகத்தில் ஏறாத ஐட்டம்தான் கம்பெனியைக் கவிழ்க்கும்.

டாக்டர் மாத்திரைக்கு மில்லிகிராம் குறிப்பது ஜோசியம் பார்த்து அல்ல. உங்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்து, கணக்குப் போட்டு. அந்த ரிப்போர்ட்டில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, பாகற்காயின் பங்கு எவ்வளவு என்று எழுதியிருக்காது. 'ஆஹா, சர்க்கரை கண்ட்ரோலில் இருக்கிறதே, இந்த மாத்திரையே போதும்' என்று அவர் எழுதுகிறார். நீங்கள் மச்சினி கல்யாணத்துக்கு மதுரைக்குப் போகிறீர்கள். பதினைந்து நாள் ஜூஸ் கட். பொடி கட். அல்வா மட்டும் கட் இல்லை. திரும்பி வந்து டெஸ்ட் எடுத்தால் சர்க்கரை எகிறிக் கிடக்கிறது. டாக்டர் மாத்திரையைக் கூட்டுகிறார். மறுநாள் காலை நீங்கள் கூட்டின மாத்திரையையும் போட்டுக்கொண்டு, பழையபடி பார்க் வாசலுக்கும் போகிறீர்கள்.

டாக்டர் போட்ட கணக்கு சரி. ரிப்போர்ட்டும் சரி. ஆனாலும் பாலன்ஸ் ஷீட் இடிக்கிறது. இடிக்கிற இடம், உங்கள் தலை.

*

என் நண்பன் ஒருவன். வயது 36. தனியார் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ். இரண்டு வருஷமாகச் சர்க்கரை. நம் நாட்டில் சர்க்கரைக்காரர்கள் 10.1 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. 'அவ்வளவு பேரில் நானும் ஒருத்தன், விடு' என்று அலட்சியமாக இருந்தவன், திடீரென்று ஒரு நாள் ஞானோதயம் பெற்றான். விளைவு, மேலே சொன்ன லிஸ்ட் அத்தனையும்.

போன மார்ச். வருஷக் கணக்கு முடிக்கிற வாரம். அவனைப் பார்க்க ஆபீஸுக்குப் போயிருந்தேன். மத்தியானம் இரண்டரை மணி. டிபன் பாக்ஸ் திறக்கப்படாமல் மேஜை மேல் உட்கார்ந்திருந்தது. ஏ.சி. ஓடுகிறது, பயலுக்கு சட்டை முழுக்க வேர்வை. கை நடுங்குகிறது. "என்னடா?" என்றேன். "டெபிட்... டெபிட்டை யாரு எடுத்தது?" என்று என்னைப் பார்த்துக் குழறினான். அப்புறம் அவன் மானேஜரைப் பார்த்து, உரக்க, ஒருமையில் ஏதோ சொன்னான். ஆபீஸே நிமிர்ந்து உட்கார்ந்தது.

மானேஜர் மெதுவாக என் பக்கம் குனிந்து, "பகல்லயே போட்டிருக்காரா சார்?" என்றார்.

நல்ல வேளையாக டெஸ்பாட்ச் செக்ஷனில் இருந்து ஒரு அம்மாள் எழுந்து வந்தார். ஒரு பார்வைதான். "சார், இது தண்ணி இல்ல சார், சுகர் இறங்கியிருக்கு. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் வரும்" என்று சொல்லிக்கொண்டே ஹாண்ட்பேக்கிலிருந்து குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்துத் தண்ணீரில் கலக்கினார். யாரோ ஓடிப் போய்க் கான்டீனிலிருந்து ஜீனி கொண்டுவந்தார். "அது வேண்டாம், இதுதான்" என்று தடுத்துவிட்டார். (ஏன் தடுத்தார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. சொல்கிறேன்.) குடித்தான். கால் மணி நேரத்தில் மனுஷனானான். மானேஜரைப் பார்த்து, "சார், எப்ப வந்தீங்க?" என்றான்.

அந்த அம்மாள் அன்றைக்கு லீவு போட்டிருந்தால்? 'குடிச்சுட்டு வந்திருக்கான், கார் டிரைவர் வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைக்கட்டும்' என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து நல்லெண்ணத்தோடு அவனைத் தூங்க அனுப்பியிருப்போம். சர்க்கரை இறங்கிய ஆசாமியைத் தூங்க அனுப்பினால் சில சமயம் எழுந்திருப்பதில்லை.

*

சர்க்கரை மாத்திரை எல்லாம் ஒரே ஜாதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. மெட்ஃபார்மின் பரம சாது. தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரையைப் பாதாளத்துக்குத் தள்ளுவது அபூர்வம். கணையத்தைத் தட்டி எழுப்பி 'இன்சுலின் கொண்டா' என்று விரட்டுகிற கோஷ்டி ஒன்று இருக்கிறது. க்ளிமிபிரைட், க்ளிபென்கிளமைட், க்ளிக்ளசைட், க்ளிபிசைட். 'க்ளி' என்று பெயர் ஆரம்பிக்கும். இது நீங்கள் சாப்பிட்டீர்களா, பட்டினியா என்றெல்லாம் விசாரிக்காது. டிபன் பாக்ஸ் மூடியே இருந்தாலும் விரட்டும். ஊசி இன்சுலினும் இந்த விஷயத்தில் அப்படித்தான். நீங்கள் இந்தக் கோஷ்டியா என்று மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் நிஜப் பெயர்.

இந்தக் கோஷ்டியோடு பாகற்காய்ச் சாறு, சிறுகுறிஞ்சான், வெந்தயம் என்று சர்க்கரையை இறக்கக்கூடிய சங்கதிகள் கைகோத்துக்கொண்டால் கூட்டல் கணக்குதான். 1979-லேயே 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் ஒரு கேஸ் வந்திருக்கிறது. பாகற்காயும் பூண்டும் போட்ட கறி, குளோர்புரோபமைட் என்ற அந்தக் காலத்துச் சர்க்கரை மாத்திரையோடு கூட்டணி வைத்து வேலை செய்ததைப் பற்றி. நம் சமையலறை லண்டன் பத்திரிகைக்கே போய்விட்டது.

உடனே பாகற்காயைக் கூடையோடு வெளியே எறிய வேண்டாம். இரண்டு கரண்டிப் பொரியல் வேறு. தினம் வெறும் வயிற்றில் அரை கிலோவைப் பிழிந்து குடிப்பது வேறு. முதலாவது சமையல். இரண்டாவது, டோஸ் எழுதப்படாத மருந்து.

சிறுகுறிஞ்சானையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். அதன் இலையை மென்றுவிட்டு ஒரு ஸ்பூன் ஜீனியை வாயில் போட்டுப் பாருங்கள். இனிப்பே தெரியாது, மணல்தான். நாக்கையே ஏமாற்றுகிற மூலிகை உள்ளே போய்ச் சும்மா இருக்கும் என்று எப்படி நினைக்கலாம்? வேலை செய்யும் என்று நம்பித்தானே சாப்பிடுகிறோம்? வேலை செய்தால் அது மருந்து. வேலை செய்யாவிட்டால் எதற்குக் காசு?

*

"இயற்கைதானே சார், சைடு எஃபெக்ட் கிடையாது" என்பார்கள். இந்த வசனத்துக்கு என்னிடம் ஒரு பதில் ஸ்டாக் இருக்கிறது. மெட்ஃபார்மினின் பூர்வீகமே செடிதான்! ஐரோப்பாவில் பிரெஞ்சு லைலாக் என்று ஒரு செடி. சர்க்கரையை இறக்கும் சரக்கு அதில் உண்டு. அதே செடியை மேய்ந்த ஆடுகள் செத்தும் போயிருக்கின்றன. அந்தச் சரக்கின் வம்சத்தில் வந்த மெட்ஃபார்மினை, ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு டாக்டர் 1957-ல் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். இன்றைக்கு அது 500 மில்லிகிராம், 850 மில்லிகிராம் என்று அளந்து வருகிறது. செடிக்கும் மாத்திரைக்கும் நடுவே நடந்த வேலை, அந்த அளத்தல்தான். பொடி டப்பாவில் இருக்கிற 'ஒரு ஸ்பூன்' யார் வீட்டு ஸ்பூன்?

லவங்கப்பட்டைக்கு வருவோம். 'தினம் ஒரு ஸ்பூன் பட்டைத் தூள், சர்க்கரை ஓடிவிடும்' என்று ஒரு மெசேஜ் சுற்றுகிறது. நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற தடித்த பட்டை, காஸியா வகை. அதில் கூமரின் என்று ஒரு பொருள் கணிசமாக உண்டு. அதிகமானால் சிலருக்கு ஈரலைப் பதம் பார்க்கும். இலங்கையிலிருந்து வரும் கறுவாப்பட்டை, சுருட்டு மாதிரி மெல்லிய அடுக்குகளாக இருக்கும். அதில் கூமரின் மிகக் குறைவு. பிரியாணிக்குப் போடுவதற்கு இரண்டுமே சமர்த்து. பிரியாணி வேறு, தினசரி ஸ்பூன் வேறு.

இதையெல்லாம் விட பயங்கரம், டப்பாவுக்குள் இருப்பதாகச் சொல்லாத சரக்கு. 2000-ல் அமெரிக்காவில் சர்க்கரைக்கு என்று விற்ற சில சீன மூலிகை மருந்துகளைப் பரிசோதித்தார்கள். உள்ளே க்ளிபென்கிளமைட். கூடவே, ஆபத்து என்று அந்த நாட்டில் 1970-களிலேயே விலக்கி வைத்த ஃபென்ஃபார்மின். மூலிகை 'நன்றாகக் கேட்டதன்' ரகசியம் அதுதான்!

2008-ல் சிங்கப்பூரில் நடந்தது இன்னும் மோசம். ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவே, சர்க்கரை வியாதியே இல்லாத 150 பேர், ரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி அரசு ஆஸ்பத்திரிகளில் வந்து விழுந்தார்கள். பெரும்பாலும் ஆண்கள். டாக்டர்களுக்குத் தலை சுற்றியது. துருவித் துருவி விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. 'ஆண்மைக்கு' என்று ரகசியமாக வாங்கிய மாத்திரைகள். அதில் க்ளிபென்கிளமைட் கலந்திருந்தது. ஏழு பேர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள். அதில் நாலு பேர் இறந்தே போனார்கள். இவர்களுக்குச் சர்க்கரையே கிடையாது. ஏற்கெனவே 'க்ளி' மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் இந்தச் சரக்கையும் விழுங்கினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் சட்டம் இல்லையா? இருக்கிறது. சர்க்கரை வியாதியைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே குற்றம் என்று 1954-லேயே மாயாஜால மருந்து விளம்பரச் சட்டம் வந்தாயிற்று. சத்து மாத்திரை டப்பாக்களில் 'மருத்துவ உபயோகத்துக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும் என்பதும் 2016-ல் வந்த விதி. அச்சிடுகிறார்கள். படிக்கத்தான் பூதக்கண்ணாடி இலவசமாகத் தருவதில்லை.

*

'அப்போ சத்து மாத்திரையே கூடாதா?' என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். சில சமயம் டாக்டரே எழுதித் தருவார். மெட்ஃபார்மினை வருஷக்கணக்காகச் சாப்பிட்டால் உடம்பில் பி-12 வைட்டமின் குறையலாம். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் இதைக் கவனிக்கச் சொல்லி டாக்டர்களுக்கே அறிவுரை சொன்னது. முட்டைகூடத் தொடாத சைவப் பார்ட்டிகளுக்கு இதில் இரட்டை அபாயம். பாதத்தில் எரிச்சல், மரமரப்பு வந்தால் 'சர்க்கரை நரம்பைத் தின்கிறது' என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். சில பேருக்குக் காரணம் பி-12 பற்றாக்குறையாக இருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆக, மாத்திரைக்குத் துணையாகப் போகிற சத்தும் உண்டு. எது என்று கண்டுபிடிக்க ரிப்போர்ட் வேண்டும், வாட்ஸ்அப் போதாது.

மலச்சிக்கலுக்கு இசப்கோல் சாப்பிடுகிறவர்கள் அதையும் மாத்திரையையும் ஒரே மடக்கில் தள்ள வேண்டாம். அது வயிற்றில் கொழகொழவென்று ஊறிக்கொண்டு மாத்திரையைச் சரியாகச் சேரவிடாமல் செய்யலாம். இரண்டு மணி நேர இடைவெளி நல்லது.

கையில் சென்சார் ஒட்டிக்கொண்டு மொபைலில் சர்க்கரை பார்க்கிற நவீன வாலிபர்கள் கவனத்துக்கு: சில வகை சென்சார்கள், வைட்டமின் சி-யைத் தினம் 500 மில்லிகிராமுக்கு மேல் சாப்பிட்டால், இருப்பதைவிட அதிகமாகச் சர்க்கரையைக் காட்டலாம். நிஜத்தில் இறங்கியிருக்கும், மொபைலோ 'எல்லாம் சௌக்கியம்' என்னும். முடி வளர என்று சாப்பிடுகிற பயோடின் இன்னொரு திருடன். மாரடைப்பா என்று பார்க்கச் செய்கிற ரத்தப் பரிசோதனையையே பொய் சொல்ல வைக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரித்தது. டெஸ்டுக்குப் போகும் முன் லேபில் இதைச் சொல்லிவிடுங்கள். தலையில் முடி இருக்கிறதா இல்லையா என்பது அதற்கப்புறம்.

*

இனி, அந்த டெஸ்பாட்ச் அம்மாள் ஜீனியை ஏன் தடுத்தார் என்ற ரகசியம். வோக்ளிபோஸ், அகார்போஸ் என்று இரண்டு மருந்துகள் உண்டு. நம் ஊர்க் கூட்டு மாத்திரைகளில் 'க்ளி'யோடும் மெட்ஃபார்மினோடும் வோக்ளிபோஸ் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருக்கும். இவற்றின் வேலையே ஜீனியும் மாவும் வயிற்றில் உடைந்து ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்துவது. ஆகவே அவசரத்துக்கு ஜீனி கொடுத்தால் அது ஆடி அசைந்து, பாசஞ்சர் வண்டி மாதிரி வந்து சேரும். குளுக்கோஸுக்கு உடைய வேண்டிய வேலை இல்லை, எக்ஸ்பிரஸ். அவர் அம்மாவுக்கு டாக்டர் இதைச் சொல்லியிருக்கிறார். அவர் கேட்டு, ஞாபகம் வைத்துக்கொண்டு, பொட்டலத்தைப் பையிலேயே வைத்திருக்கிறார். நான் பார்த்ததிலேயே பெரிய படிப்பு அது.

சர்க்கரை 70-க்குக் கீழே போனாலோ, வேர்வை, நடுக்கம், படபடப்பு, கண்மண் தெரியாத பசி, உளறல் வந்தாலோ 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன். 15 நிமிஷம் பொறுத்து மறுபடி டெஸ்ட். ஏறாவிட்டால் இன்னொரு தடவை. ஏறியதும் ஒழுங்காகச் சாப்பாடு. 'க்ளி' மாத்திரையின் வேகம் பல மணி நேரம் நீடிக்கும். ஆகையால் 'சரியாப் போச்சு' என்று வேலையைப் பார்க்கப் போகாமல் டாக்டருக்குப் போன் போடுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போகும். உடனே 108.

*

அந்த வாரமே நண்பனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். போகும் முன் ஒரு தாள் கொடுத்து, "வாய்க்குள்ள போறது அத்தனையும் எழுதுடா" என்றேன். பெயர், எவ்வளவு, எந்த நேரம், எப்போதிலிருந்து. எழுதினான். பத்து ஐட்டம்.

டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். "இதை மட்டும் ஒரு வருஷம் முன்னாடி கொடுத்திருந்தா நான் இவ்வளவு மண்டையை உடைச்சிருக்க மாட்டேனே!" என்றார். அப்புறம் சாவகாசமாகக் கத்தரி போட்டார். ஜூஸும் பொடியும் காப்ஸ்யூலும் இப்போதைக்கு நிறுத்தம். பாகற்காய் பொரியலாக மட்டும். மாத்திரையை அவர் மாற்றுவார், இவன் தானாக ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. புதிதாக எது ஆரம்பித்தாலும் ஒரு சமயத்தில் ஒன்றுதான். ஆரம்பித்த வாரம் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும். "சித்த வைத்தியர்கிட்ட போறதானா தாராளமா போங்க. அவர்கிட்ட என் சீட்டைக் காட்டுங்க, என்கிட்ட அவர் சீட்டைக் காட்டுங்க. அவ்வளவுதான்" என்றார்.

எழுந்தோம். கதவு வரை போன நண்பன் நின்றான். என்னைப் பார்த்தான். "நீ கொஞ்சம் வெளியே இருடா" என்றான். இருந்தேன். ஐந்து நிமிஷம் கழித்து, காது சிவக்க வெளியே வந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. தாளை மடித்துப் பாக்கெட்டில் வைக்கும்போது மட்டும் கண்ணில் பட்டது. பதினோராவது வரி, டாக்டரின் கையெழுத்தில். சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு அடித்திருந்தார்.

நீங்களும் இன்றைக்கு ராத்திரியே ஒரு தாளை எடுத்து லிஸ்ட் எழுதுங்கள். எதை எழுத உங்களுக்கு ரொம்பக் கூச்சமாக இருக்கிறதோ, அதை முதல் வரியில் எழுதுங்கள்.